அந்தப் பெட்டி உங்களுடையது, புவனா அக்கா

பிரியமான புவனா அக்கா,

நீங்கள் எனக்கு எழுதிய துண்டுக் கடிதங்களெல்லாம் இந்தச் சொல்லில்தான் தொடங்கும். "பிரியமான ஸ்டெல்லாவுக்கு, நாளைக்குப் பின்னேரம் வாரும், புதுப் பாட்டு ஒன்று கிடக்கு." அந்தப் பிரியத்தை இன்று உங்களுக்கே திருப்பித் தருகிறேன். என்னிடம் வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

நீங்கள் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு உங்கள் கணவர் நடராசா ஐயா நினைவு மலர் அச்சிடுகிறார். நானும் எழுத வேண்டுமென்று கேட்டார். எழுதினால் நடந்ததைத்தான் எழுதுவேன், ஒரு பக்கத்தில் அடங்காது என்றேன். "எழுதுங்கோ பிள்ளை, நான் ஒரு சொல்லும் வெட்டமாட்டன்" என்றார். மற்றவர்கள் உங்கள் தமிழைப் பற்றியும், கந்தோர் உத்தியோகத்தில் நீங்கள் கண்ணியமாக நடந்துகொண்டதைப் பற்றியும் எழுதியிருப்பார்கள். அதையெல்லாம் வாசித்துக்கொண்டு வருகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தடுக்கி விழட்டும்.

முதலில் ஒரு செய்தி. போன கிழமை நான் ஒரு ப்ரீஆம்ப் வாங்கினேன். எனக்காக.

அது என்னவென்று உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மைக்கிலிருந்து வருகிற சத்தம் மிகவும் மெலிந்தது. அதை அப்படியே கொம்பியூட்டருக்குக் கொடுத்தால் அடுத்த வீட்டில் யாரோ பாடுவது போல இருக்கும். கொம்பியூட்டரில் கூட்டினால் குரலோடு சேர்ந்து ஓர் இரைச்சலும் கூடிவிடும், தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி. மைக்குக்கும் கொம்பியூட்டருக்கும் நடுவில் இந்தப் பெட்டியை வைத்தால்தான் குரல் குரலாக வரும். வீட்டில் பாட்டுப் பதிவு செய்கிறவர்களுக்கு அது இல்லாமல் முடியாது.

மடவளையில், பழைய அம்ப்ளிபயர், ஸ்பீக்கர் திருத்தி விற்கிற ஒரு கடையில் வாங்கினேன். கடைக்கார முஸ்லிம் நானா அதைத் துடைத்து, பிளக்கைச் செருகி, விளக்கு எரிவதைக் காட்டினார்.

"கொழும்புல ஒரு ஸ்டூடியோவ மூடிப்போட்டாங்க மகள். அங்க இருந்து வந்த சாமான். நல்லா ஈக்கிது, பயப்புட வாணாம். பில்லு என்ன பேருக்குப் போடுற?"

"செபஸ்தியான் ஸ்டெல்லா மேரி. முழுசாப் போடுங்க நானா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இந்தக் காலத்துல எங்கட ஆக்களும் சரி ஒங்கட ஆக்களும் சரி, பில்லே வாணாம்டு போறாங்க."

"எனக்கு வேணும்."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பழைய பத்திரிகையில் சுற்றித் தரும்போது மட்டும், "பஸ்ஸுல செக் பண்ணினா நீங்களாவே தொறந்து காட்டிருங்க, ஒளிச்சிக் கொண்டு போக வாணாம்" என்றார். திரும்பும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். நானாகவே திறந்து காட்டினேன். இது யாருடையது என்று சிப்பாய் கேட்டான். "மகே" என்றேன். என்னுடையது. அவன் குமிழ் ஒன்றைத் திருகிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

இந்தச் சின்னச் சொல்லைச் சொல்வது அவ்வளவு பாரமாக இருக்கவில்லை, அக்கா. உங்களுக்கு மட்டும் ஏன் அது வாயில் வரவில்லை?

உங்களை நான் தேடி வரவில்லை. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளுக்கு முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தவள் நான். கண்டியில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் பிள்ளைகளுக்கான பாட்டொன்றைப் பாடிக் காட்டச் சொன்னார்கள். நீங்கள் கல்விக் கந்தோரிலிருந்து விருந்தாளியாக வந்து முன்வரிசைக் கதிரையில் இருந்தீர்கள். முடிந்ததும் என்னிடம் வந்து, "நான் பிள்ளையளுக்கு நிறையப் பாட்டு எழுதி வச்சிருக்கிறன், பாடத்தான் எனக்குக் குரல் இல்லை. நீர் பாடுவீரோ?" என்று கேட்டீர்கள்.

யாழ்ப்பாணத்து ஆட்கள் என்னை 'நீர்' என்று மரியாதையாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் மயங்கிப்போனேன். உண்மையைச் சொன்னால் என்ன?

கண்டி அனிவத்தையில் உங்கள் வீட்டுப் பின்னறையை இருவருமாக ஸ்டூடியோ ஆக்கினோம். சுவரில் பழைய மெத்தைகளை நிறுத்தினோம். யன்னலுக்குக் கம்பளம் அடித்தோம். உங்கள் மகன் வெளிநாட்டிலிருந்து நல்ல மைக் ஒன்று அனுப்பியிருந்தார். கொம்பியூட்டர் வேலையை நானே பழகிக்கொண்டேன். காகத்தைப் பற்றி, ரயிலைப் பற்றி, சளி பிடித்த யானையைப் பற்றி உங்கள் பாட்டுகள். நல்ல பாட்டுகள்தான். அதை இப்போதும் மறுக்கமாட்டேன். மறுக்க முடிந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் பதிவைப் போட்டுக் கேட்டால் ஒரே இரைச்சல். அப்போதுதான் நீங்கள் விசாரித்து, இந்தப் பெட்டி வேண்டுமென்று கண்டுபிடித்தீர்கள். கொழும்பில்தான் கிடைக்கும் என்றார்கள்.

"ஸ்டெல்லா, நீரே போய் வாங்கிக்கொண்டு வாரும். என்ர ஐ.சி. அட்டையில பிறந்த இடம் பருத்தித்துறை எண்டு கிடக்கு. ஒவ்வொரு சந்தியிலயும் இறக்கி வச்சுக் கேள்வி கேப்பாங்கள். உம்மடயில கண்டி எண்டுதானே இருக்கு."

"சரிக்கா, நான் போயிட்டு வர்றேன்."

"பில்லையும் உம்மட பேரிலயே போடச் சொல்லும். அதுதான் பிரச்சினை இல்லை."

பணம் உங்களுடையது, பெட்டி உங்களுடையது, பெயர் மட்டும் என்னுடையது. அப்போது அதில் எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. திரும்பி வரும்போது கொழும்புக் கோட்டை ரயில் ஸ்டேஷனில் பொலிசார் அதைப் பிரித்தார்கள். மைக்குக்கானது என்று நான் என் சிங்களத்தில் விளக்கிச் சொல்லி, திட்டும் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு கண்டிவரை வந்தேன். நீங்கள் கேற்றடிக்கே ஓடி வந்தீர்கள். பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு என்னைக் கட்டிப் பிடித்தீர்கள். "நீர் எனக்குக் கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி" என்றீர்கள்.

அன்றைக்கு மாலையே சோதித்துப் பார்த்தோம். கறுப்பு இரும்புப் பெட்டி. இரண்டு குமிழ், ஒரு சிவப்பு விளக்கு, கண்ணாடிக்குள் ஒரு சின்ன முள். நான் பாடினால் முள் ஆடும். முதல்முறையாக என் குரலை ஹெட்போனில் முழுசாகக் கேட்டேன். இது நானா என்று இருந்தது. உங்கள் கண் கலங்கியிருந்தது. அது பொய்யில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது.

மழை பலமாகப் பெய்தால் பதிவை நிறுத்திவிட்டுக் கதை பேசுவோம். அப்படி ஒரு பின்னேரம்தான் தமிழர் வீடுகளை எரித்த ஆடிக் கலவரத்தைப் பற்றிச் சொன்னீர்கள். கண்டியில் உங்கள் அப்பாவின் கடையும் வீடும் எரிந்ததை. பக்கத்துச் சிங்கள வீட்டுக் குளியலறையில் ஒளிந்திருந்ததை. இருமல்காரத் தம்பியின் வாயை உங்கள் அம்மா துணியால் பொத்திக்கொண்டிருந்ததை. அதற்குப் பிறகு உங்களுக்குச் சத்தமென்றாலே பயம், அந்தப் பயத்தைப் போக்கத்தான் பாட்டு எழுதத் தொடங்கினீர்கள் என்று சொன்னீர்கள். நான் அழுதேன். அந்தக் கண்ணீரை இப்போது யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

பிறகு அந்தச் சனிக்கிழமை. எங்கோ ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது. காலையிலேயே உங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்து வீடு வீடாகத் தேடிக்கொண்டு வந்தார்கள். நான் பின்னறையில் ஹெட்போனுடன் நின்றேன். கடைசி இரண்டு பாட்டுகள்தான் மிச்சம். ஓர் இளம் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். மெத்தை நிறுத்திய சுவரைப் பார்த்தார், மூடிய யன்னலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார்.

மைக் திறந்திருந்தது. அவர் பேசப் பேச முள் ஆடியது. அவர் பேச்சை நிறுத்தினார். முள்ளும் நின்றது. மறுபடி ஒரு சொல் சொன்னார், மறுபடி ஆடியது. அவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். தான் பேசுவது எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்று அவர் நினைத்துவிட்டார். யாருடையது என்று கத்தினார்.

நீங்கள் வாசலில் நின்றீர்கள். நடராசா ஐயா அலுமாரியோடு ஒட்டிக்கொண்டு நின்றார். நான் வாய் திறப்பதற்குள் நீங்கள் சொன்னீர்கள், நல்ல கந்தோர்ச் சிங்களத்தில்: "மேக அபே நெவெயி மாத்தயா." இது எங்களுடையது இல்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தோட்டத்திலிருந்து வருகிற இந்தப் பெண் கொண்டுவந்து வைத்தாள், என்ன சாமான் என்று எங்களுக்குத் தெரியாது, பாட்டுப் பாட இடம் கேட்டாள், பாவம் என்று கொடுத்தோம் என்றீர்கள். அலுமாரியைத் திறந்து பில்லை எடுத்து நீட்டினீர்கள். பாருங்கள், பெயர் அவளுடையது.

எனக்கு விளங்காது என்று நினைத்தீர்களா? நான் ஹந்தானையில் பிறந்தவள். உங்களுக்குச் சிங்களம் பரீட்சைக்கு வந்தது, எனக்குக் கடையிலும் கிணற்றடியிலும் வந்தது. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அதுவரைக்கும் அந்த வீட்டில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஒரு நிமிடத்தில் தோட்டத்துப் பெண் ஆகிவிட்டேன். நீங்கள் இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, அக்கா. அது உங்கள் மனதில் எங்கேயோ ஏற்கெனவே இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் அவ்வளவு சுறுக்காக வாயில் வந்திருக்குமா?

என்னை ஜீப்பில் ஏற்றும்போது திரும்பிப் பார்த்தேன். நீங்கள் யன்னல் சீலையை இழுத்து மூடினீர்கள்.

பொலிஸ் நிலையத்தில் நடந்த எல்லாவற்றையும் இங்கே எழுதப்போவதில்லை. சிலதை என் அம்மாவுக்கே சொல்லவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பெட்டியை மேசையில் வைத்து, இதை வேலை செய்ய வை என்றார்கள். மைக் இல்லை, கொம்பியூட்டர் இல்லை. விளக்கு மட்டும் எரிந்தது. பாட்டுப் பதிவு செய்யத்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அப்படியென்றால் பாடு என்றார்கள்.

நான் உங்கள் காகப் பாட்டைப் பாடினேன். சுவரோடு நின்றுகொண்டு, கையால் காகத்தின் சிறகை அடித்துக் காட்டி, பிள்ளைகளுக்குப் பாடுகிற மாதிரியே. அவர்கள் சிரித்தார்கள். இன்னொரு முறை பாடச் சொன்னார்கள். ஒரு பெண் பொலிஸ் மட்டும் சிரிக்காமல் எழுந்து வெளியே போனாள். நீங்கள் அன்பாக எழுதிய பாட்டு அது. அதன் பிறகு எந்தப் பிள்ளைக்கும் அதை என்னால் பாட முடியவில்லை.

என் அப்பாவை உங்களுக்குத் தெரியும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற செபஸ்தியான். உங்கள் வீட்டுக்கு முருங்கைக்காயும் அவரைக்காயும் கொண்டுவந்து தந்தவர். அவர் நாள்தோறும் மலையிலிருந்து இறங்கி எனக்குச் சோறு கொண்டுவந்தார். ஒரு நாள் உங்கள் கேற்றடிக்கும் வந்தார். நீங்கள் கேற்றைத் திறக்கவில்லை. யன்னலடியில் நின்று பேசினீர்கள்.

"அம்மா, நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும். அது ஒங்க சாமான்னு."

"ஐயா, விளங்கிக்கொள்ளுங்கோ. உங்கட பிள்ளை கண்டிப் பிள்ளை, விட்டிடுவாங்கள். நான் போனா என்னை விடமாட்டாங்கள்."

"அவளும் தமிழ்ப் புள்ளதானேம்மா. உள்ள வச்சிருக்காங்களே."

"என்னால ஏலாது ஐயா. போயிட்டு வாங்கோ."

அப்பா இதை என்னிடம் சொன்னபோது உங்களைத் திட்டவில்லை. "அந்தம்மா ரொம்பப் பயந்துட்டாங்க புள்ள" என்றார், அவ்வளவுதான். அவருக்காகவும் சேர்த்து நான் திட்டுகிறேன்.

எங்கள் தேவாலயப் பங்குச் சாமியும் ஒரு வக்கீலும் பல கிழமை ஏறி இறங்கி என்னை வெளியே எடுத்தார்கள். பெட்டி வரவில்லை. வெளியே வந்தால் முன்பள்ளியும் இல்லை. நடத்துகிறவர் லயத்துக்கே வந்து, "டீச்சர், பெத்தவங்க பயப்படுறாங்க, கொஞ்ச நாள் வராதீங்க" என்றார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. அதைவிட மோசம், பொலிஸ் புத்தகத்தில் என் பெயர் ஏறிவிட்டது. எங்கே குண்டு வெடித்தாலும் எங்கள் லயத்தடியில் ஜீப் வந்து நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் அப்பாவோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அதைப் பார்க்க முடியாமல்தான் நான் வத்தேகமவுக்குச் சித்தி வீட்டுக்குப் போனேன். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு புடவைக்கடையில் கணக்கு எழுதும் வேலை.

ஒரு முறை அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஹந்தானைக்குப் போனபோது முன்பள்ளியைத் தாண்டி நடந்தேன். உள்ளே பாட்டுக் கேட்டது. என் குரல். சளி பிடித்த யானைப் பாட்டு. புது டீச்சர் சீடியைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளை ஆடவைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் கிடந்தது. ஒரு சின்னப் பெண் என்னைக் கண்டுவிட்டு, "ஸ்டெல்லா டீச்சர் உள்ள பாடுறாங்க, வெளியில நிக்கிறாங்க" என்று குழம்பிப்போய்ச் சொன்னாள்.

புது டீச்சரிடம் சீடியின் உறையை வாங்கிப் பார்த்தேன். பாடல்கள், இசை, தயாரிப்பு எல்லாம் புவனேஸ்வரி நடராசா. குரல் என்ற இடத்தில் 'இளங்குருத்துகள் குழு'.

வத்தேகமவுக்குத் திரும்பியதும் கொமினிகேஷன் கடையிலிருந்து உங்களுக்குப் போன் எடுத்தேன். கைதுக்குப் பிறகு நாம் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"அக்கா, என் பேரு எங்க?"

"ஸ்டெல்லா, உம்மட நன்மைக்குத்தான் பிள்ளை. இந்த நேரத்தில உம்மட பேரை வெளிய போடுறது நல்லதில்லை எண்டு நினைச்சன்."

"பொலிசுல சொன்னப்ப அது நல்லதா இருந்திச்சா?"

"நீர் கோவத்தில கதைக்கிறீர்."

"ஆமா, கோபத்துலதான் பேசுறேன்."

"பிறகு ஆறுதலாக் கதைப்பம்" என்று வைத்துவிட்டீர்கள். அந்தப் பிறகு வரவேயில்லை. பெயரைச் சொல்லக் கூடாத இடத்தில் சொன்னீர்கள். சொல்ல வேண்டிய இடத்தில் மறைத்தீர்கள். இரண்டு தடவையும் என்னைக் கேட்கவில்லை.

போன மாதம் வானொலி மரண அறிவித்தலில் உங்கள் பெயரைக் கேட்டேன். கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன், தொடர்ந்து மடித்தேன். செத்தவீட்டுக்கு வரவில்லை. வருத்தம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. நீங்கள் எனக்குப் பதில் சொல்லாமலே போய்விட்டீர்கள் என்ற வருத்தம்.

உங்கள் எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்த பிறகு நடராசா ஐயா பஸ் ஏறி வத்தேகமவுக்கு வந்தார். விசாரித்து விசாரித்துக் கடைக்கே வந்துவிட்டார். சவரம் செய்யாத முகம், கையில் ஒரு பை. பையில் சீடிகள். புது உறை. குரல்: செ. ஸ்டெல்லா மேரி.

"பிழை விட்டிட்டம் பிள்ளை. அவ கடைசி நாளில இதைத்தான் சொல்லிக்கொண்டு கிடந்தவ. நான் திரும்ப அச்சடிச்சனான். முப்பத்தொண்டுக்கு நீங்கள் வந்து ஒரு பாட்டுப் பாடவேணும். மலருக்கும் எழுதவேணும்."

நான் பையைத் தொடவில்லை. "ஐயா, எனக்கு உறையில பேரு வேணாம். பொலிஸ் புத்தகத்துல இருக்கிற பேரு போகணும். என்கூட அந்த ஸ்டேஷனுக்கு வாங்க. அந்தச் சாமான் எங்களோடது, இந்தப் புள்ள எங்களுக்காகத்தான் வாங்கிட்டு வந்திச்சுன்னு சொல்லுங்க. அப்புறம் நான் எழுதுறேன்."

அவர் சீடியைத் திரும்பப் பைக்குள் வைத்ததை நான் கண்டேன். கண்டும் நான் சொன்னதை மாற்றவில்லை. அவருடைய அட்டையிலும் வடக்குத்தான் பிறந்த ஊர். வயது எழுபதுக்கு மேல். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குடித்துவிட்டு, "எப்ப போவம்?" என்றார்.

அடுத்த நாளே போனோம். அவர் வெள்ளைச் சேர்ட் போட்டு, பென்சன் அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். என்னைக் கூட்டிக்கொண்டு போன இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். மேசையில் இருந்தவர் வேறு ஆள். ஐயா நின்றபடியே சொன்னார். அவருடைய சிங்களம் உங்களுடையதைப் போல் நல்ல சிங்களம் இல்லை. தட்டுத் தடுமாறித்தான் வந்தது. அந்தப் பெட்டி எங்களுடையது. பணம் எங்களுடையது. இந்தப் பிள்ளை எங்கள் வேலையாகப் போய் வாங்கி வந்தாள். அன்றைக்கு நாங்கள் பயத்தில் பொய் சொன்னோம். என் மனைவி இறந்துவிட்டாள், நான் இருக்கிறேன்.

இவ்வளவு காலம் எங்கே இருந்தீர்கள் என்று அந்த ஆள் கேட்டார். வீட்டில் என்றார் ஐயா.

ஐயாவை ஒரு வாங்குப் பலகையில் இருக்கவைத்துவிட்டு, அட்டையை எடுத்துக்கொண்டு எங்கெங்கோ போன் பண்ணினார்கள். ஒருவர் வந்து ஒன்று கேட்பார், இன்னொருவர் வந்து அதையே கேட்பார். பகல் போயிற்று. நான் வெளியே மரத்தடியில் நின்றேன். மத்தியானம் பாணும் வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்தேன். அவர் பாணைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். நான் அவரை இழுத்துக்கொண்டு வந்தது சரியா என்று பல தடவை நினைத்தேன். சரிதான் என்றுதான் ஒவ்வொரு தடவையும் வந்தது. ஆனாலும் வாசலுக்குப் போய்ப் போய் எட்டிப் பார்த்தேன்.

பின்னேரம் புத்தகத்தை எடுத்து என் பெயருக்குப் பக்கத்தில் ஏதோ எழுதி, ஐயாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். இனி உன்னைத் தேடி வரமாட்டார்கள் என்று என்னிடம் சொன்னார்கள். உண்மையா தெரியாது. பெட்டி எங்கே என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. பிறகு, சரி போங்கள் என்றார்கள்.

முன்னால் இருந்த தேத்தண்ணிக் கடையில் ஐயாவை இருத்தினேன். இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி ஆறிப் போனது. ஸ்டேஷன் கேற்றைப் பார்த்தபடியே கேட்டார்.

"இவ்வளவுதானோ பிள்ளை? இதுக்குப் பயந்துதானோ நாங்கள் உங்களைக் கைவிட்டனாங்கள்?"

நான் வேறு தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னேன். பதிலை உங்களுக்குச் சொல்கிறேன். இவ்வளவுதான் என்று இப்போது சொல்லலாம். அன்றைக்கு நீங்கள் போயிருந்தால் ஒரு பகலோடு விட்டிருக்கமாட்டார்கள். ஒருவேளை திரும்பி வராமலே போயிருப்பீர்கள். எரிகிற வீட்டைப் பார்த்தவர் நீங்கள். இதையெல்லாம் நான் உங்கள் பக்கம் நின்று பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். பயந்தது பிழை என்று சொல்லமாட்டேன். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால்கூட விளங்கிக்கொண்டிருப்பேன். நீங்கள் பேசினீர்கள், அக்கா. அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தீர்கள். என் அப்பாவைக் கேற்றுக்கு வெளியே நிற்கவைத்தீர்கள். அது பயம் செய்த வேலையா, நீங்கள் செய்த வேலையா? எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்கியது என்று உங்களுக்காவது தெரியுமா?

மன்னித்துவிடு, செத்தவரோடு என்ன வழக்கு என்கிறார் பங்குச் சாமி. நான் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்வதில்லை, ஏனென்றால் இது என் பாவம் இல்லை. முப்பத்தொன்றுக்கு வருவேன். சாப்பிடுவேன். பாடமாட்டேன். உங்கள் பாட்டுகளை என் வாயால் இனிப் பாடுவதில்லை. சித்தி வீட்டுப் பின்னறையில் என் பாட்டுகளை நானே எழுதிப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்று. அன்று பின்னேரம் ஐயாவைப் பஸ் ஏற்றி வீடுவரை கொண்டுபோய் விட்டேன். குசினியில் பாத்திரங்கள் கழுவாமல் கிடந்தன. இரண்டு நாளாக அவர் பிஸ்கட்டும் பிளேன்டீயும்தான். மகன் தன்னோடு வரச் சொல்கிறாராம், இவர் போகமாட்டேன் என்கிறார். நான் சோறு வைத்து, பருப்பும் காய்ச்சி வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் பூசை முடிந்து போனேன். இனியும் போவேன். அவர் இருக்கும்வரைக்கும் அந்த வீட்டில் அடுப்பெரியும், மருந்து வாங்குவதற்கு ஆள் இருக்கும், காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இருக்கும். இது நான் தருகிற வாக்கு.

உங்களுக்காகச் செய்கிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஹந்தானைச் செபஸ்தியானின் மூத்த மகள்,
உங்கள் கணவருக்கு இனி ஒரு பிள்ளை,
உங்களுக்கு ஒன்றுமில்லாத
ஸ்டெல்லா மேரி